பந்தி நிறையாமல் கரண்ட் இல்லை

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற நாலு வழிச் சாலையில் சட்டிக்குறிச்சி விலக்கு என்று ஒரு இடம். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கவனிக்க அங்கே என்ன இருக்கிறது? என் பஞ்சர் கடை, பக்கத்தில் ஒரு சோடாக் கடை, எதிர்த்தாற்போல் கரண்ட் கார்களுக்குச் சார்ஜ் போடுகிற நிலையம். இந்த மூன்றில் இரண்டு வேலை செய்கிறது.

என் பேர் சிக்கந்தர். முப்பது வருஷமாக டயரில் ஓட்டை தேடுகிறவன். ஊரில் எல்லாருக்கும் நான் பாய். யாரையும் முட்டாள் என்று வாயைத் திறந்து சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், பேர் வைக்கிற வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் அடைக்கலம் என்று ஒருவர். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற கோஷ்டிக்குத் தலைவர். சமையல் வேறு ஆட்கள், இவர்கள் பரிமாற மட்டும்தான். இலை போடப் பெரியகருப்பன், தண்ணீர் வைக்க மூக்கையா, சாம்பார் வாளிக்குச் சோலைமலை. இலைக்கு இலை குனிந்து "இன்னும் கொஞ்சம் போடவா, என்ன வேணும்" என்று விசாரிப்பது அடைக்கலம். இவர்கள் நாலு பேரும் சேர்ந்து அறுநூறு பேருக்கு ஒரு சொட்டு ரசம் சிந்தாமல் போட்டுவிடுவார்கள். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்றைத் தவிர உலகத்தில் வேறு எந்த வேலையையும் அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது.

கொடுக்கும்படி ஆகிவிட்டது. மண்டபத்துக்காரர்கள் பஃபே என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஜனங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரவர்க்கு வேண்டியதை அவரவரே போட்டுக்கொண்டு, மேய்கிற ஆடு மாதிரி நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார்கள். அடைக்கலம் அப்படிப்பட்ட ஒரு கல்யாணத்துக்குப் போய், "ஐயா உக்காருங்க, அம்மா உக்காருங்க" என்று ஒவ்வொருவரையும் கெஞ்சியிருக்கிறார். பெண்ணின் மாமா வந்து அவரை வெளியே கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு என் கடை பெஞ்சில் உட்கார்ந்து மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"எதிர்ல இலையே இல்லாம நான் யாரைப் பாத்து என்ன வேணும்னு கேப்பேன் பாய்?" என்றார்.

அந்த நேரத்தில்தான் கம்பெனி வந்தது. சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் சார்ஜ் நிலையம் வைக்கப்போகிறார்களாம். மேப்பில் ஸ்கேலை வைத்து அளந்தால் புள்ளி நேராக அடைக்கலத்தின் தரிசு நிலத்தில் வந்து விழுந்ததாம். ஸ்கேலுக்கு நிலத்துக்காரரைப் பற்றி என்ன தெரியும்?

கிரேன் வந்தது, பீரோ கணக்கில் பெரிய இயந்திரம் ஒன்றை இறக்கியது. அதிலிருந்து நாலு தடித்த கேபிள், ஒவ்வொன்றின் நுனியிலும் காரில் சொருகுகிற ஒரு கைப்பிடி. அதற்குக் கன் என்று பேர். ஒரே நேரத்தில் நாலு கார் நிற்கலாம், முக்கால் மணி நேரத்தில் சார்ஜ் ஏறிவிடும். அதிவேக சார்ஜிங் என்று போர்டு வைத்தார்கள். நிலத்துக்காரரே நிலையத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு, அடைக்கலம் தன் கோஷ்டியையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் பெனிட்டா மேடம், தூத்துக்குடிப் பெண். இந்த வட்டாரத்துக்கு அதிகாரி. நல்ல சுறுசுறுப்பு, நல்ல குணம். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு இன்றைக்கும் பரிதாபம் உண்டு.

"அண்ணே, தொண்ணூறு நாள் பாப்பாங்க" என்றார். "நிலையம் நல்லா நடந்தா இங்கயே இருக்கும். இல்லேன்னா இதே கிரேன் வந்து மெஷினைப் புடுங்கி அடுத்த ஊர் ஓட்டல்காரர்கிட்ட வச்சிரும். அவர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

நாலு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. இது போனால் ஆளுக்கொரு ஊரில் வாட்ச்மேன் வேலைதான். நாலு பேரும் சின்ன வயசிலிருந்து சேர்ந்தே வாளி தூக்கியவர்கள்.

"பயப்படாதீங்க" என்று பெனிட்டா மேடம் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைச் சுவரில் மாட்டினார். "இதுல இருக்குற விதியை எழுத்துக்கு எழுத்து அப்படியே செஞ்சாப் போதும். சொந்தமா எதையும் யோசிக்க வேணாம்."

"அந்தப் பயமே வேணாம்மா" என்றார் அடைக்கலம்.

கடைசியாக ஒரு கார்டை எடுத்து அடைக்கலத்தின் கையில் வைத்தார். "இதைக் காட்டுனாத்தான் கரண்ட் ஏறும், இதைக் காட்டுனாத்தான் கன் வண்டியை விடும். யார்கிட்டயும் குடுக்காதீங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை. அடைக்கலம் கார்டை இடுப்பு வேட்டியில் சுருட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே முதல் கார் வந்துவிட்டது. கரூர்க்காரர், பல் டாக்டர், கூடவே சம்சாரம். காரில் ஒன்பது சதவீதம் மிச்சம். கரண்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த எண் குறையக் குறைய முகத்தில் ரத்தம் குறையும், அதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நாலு பேரும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, காரை முதல் இடத்தில் நிறுத்தினார்கள். விதி ஒன்று, வாடிக்கையாளரை வரவேற்று உபசரிக்கவும்.

டாக்டர் கன்னை எடுக்கக் கையை நீட்டினார்.

"இருங்க சார், என்ன அவசரம்" என்று அடைக்கலம் தடுத்தார். "இன்னும் மூணு பேரு வரணும்."

"எந்த மூணு பேரு?"

"நாலு இலை இருக்குல்ல சார். ஒருத்தர் மட்டும் உக்காந்துட்டா உடனே சோறு போட்டுருவாங்களா? பந்தி நிறையணும்."

டாக்டர் இயந்திரத்தைப் பார்த்தார், காலியாக இருந்த மூன்று இடத்தைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார். வெயில் ஏறியது. சாலையில் பெட்ரோல் காரும் டீசல் லாரியும் சர்சர் என்று போய்க்கொண்டே இருந்தன. இரண்டு மணி நேரத்தில் கரண்ட் கார் ஒன்றுகூட வரவில்லை. டாக்டர் சம்சாரம் காரிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்து, "நீங்களாவது சொல்லுங்க" என்றது.

நான் போனேன். "அடைக்கலம், மூணு வண்டிதானே வேணும்? என் மொபெட்டை நிறுத்துறேன். பால் வேன் வருது, சோடாக்காரர் சைக்கிள் இருக்கு. கணக்குச் சரியா?"

நாலு பேரும் கூடி ஆலோசித்தார்கள்.

"மொபெட் பெட்ரோல் குடிக்கிறது. அது கரண்ட் சாப்பிடாதே" என்றார் சோலைமலை.

"சாப்பிடாட்டி என்ன? சக்கரை வியாதிக்காரரு பந்தியில உக்காரலையா? இலையில எதையும் தொடாம எந்திரிக்கலையா?" என்றார் மூக்கையா.

"அது நியாயம்" என்றார் அடைக்கலம்.

மொபெட்டின் சீட்டில் ஒரு கன்னை வைத்து வாழை நாரால் கட்டினார்கள். பால் வேனுக்கு ஜன்னல் வழியாக, சைக்கிளுக்குக் கேரியரில். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் பெரியகருப்பன் ஒரு தலைவாழை இலை போட்டார், மூக்கையா தண்ணீர் தெளித்தார். அடைக்கலம் கார்டைக் காட்டினார். டாக்டரின் காருக்குக் கரண்ட் ஏற ஆரம்பித்தது. டாக்டர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன்.

கரண்ட் ஏறுகிறபோது அங்கே நடந்தது எல்லாம் சுவரில் இருந்த விதிப்படிதான். கேபிள் தரையில் படக் கூடாது என்றிருந்தது, மூக்கையா அதைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றார். தீயணைக்கும் சிலிண்டர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றிருந்தது, சோலைமலை அதைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். குளிக்கப் போனாலும் அதோடுதான், மச்சினிச்சி நிச்சயதார்த்தத்துக்குப் போனதும் அதோடுதான். சார்ஜ் ஏறும்போது வண்டியைத் தனியாக விடக் கூடாது என்றிருந்தது, பெரியகருப்பன் பானட் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வண்டிக்குப் பொழுது போகட்டும் என்று ஊர்க் கதை எல்லாம் சொன்னார். அடைக்கலம் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை குனிந்து, "போதுமா? இன்னும் கொஞ்சம் போடவா?" என்று ஹெட்லைட்டைக் கேட்டார்.

எண்பது வந்தது. எண்பது சதவீதம் ஆனதும் நிறுத்தி அடுத்த வண்டிக்கு இடம் கொடுக்கவும் என்பது விதி ஐந்து.

அடைக்கலம் அதைப் படித்துவிட்டு ஆடிப்போய்விட்டார். "எண்பதுன்னா என்னடா கணக்கு? சாம்பார் ஆச்சு, ரசம் ஆச்சு..."

"பாயசம் வர்ற நேரம்ணே" என்றார் சோலைமலை.

"பாயசம் வாளியைக் கண்ணுல காட்டிட்டு இலையை எடுன்னு சொல்றாங்களே! இவங்க வீட்ல எல்லாம் கல்யாணமே நடந்ததில்லையா?"

"எழுத்துக்கு எழுத்து செய்யணும்னு அந்த அம்மா சொல்லிருச்சுண்ணே."

நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வயிறு நிறையாதவருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதுதானே முறை? பெரியகருப்பன் ஒரு வாழை இலையைக் குழித்துப் பிடித்தார். டாக்டரின் காரிலிருந்து எடுத்த கன்னை மூக்கையா அதற்கு மேல் கவிழ்த்துப் பத்து நிமிஷம் பிடித்தார். பிறகு இலையை மடித்து நாரால் இறுகக் கட்டி டாக்டரிடம் கொடுத்தார்கள்.

"மிச்சம் இருபது இதுல இருக்கு சார். வீட்ல போய்ப் போட்டுக்குங்க. ஆறவிட்டுறாதீங்க."

டாக்டர் அதை வாங்கி டேஷ்போர்டில் வைத்துவிட்டு காரை எடுக்கப் போனார். எடுக்க முடியவில்லை. நாலு பேரும் குறுக்கே நின்றார்கள்.

"இன்னும் மத்தவங்க சாப்பிட்டு முடிக்கலையே சார். பந்தியில ஒருத்தர் மட்டும் எந்திரிச்சா மத்தவங்களுக்கு அவமரியாதை."

"அவங்க சாப்பிடவே ஆரம்பிக்கலையேய்யா!" என்று டாக்டர் அலறினார்.

"அதான் சார் நாங்களும் சொல்றோம். ஆரம்பிக்காதவங்க எப்படி முடிப்பாங்க?"

பால் வேன்காரரும் சோடாக்காரரும், "எங்க வண்டிக்குப் போதும்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். நானும் அதையே சொன்னேன். அடைக்கலத்துக்கு என் மொபெட்டின் மேல்தான் சந்தேகம். "முகத்தைப் பாத்தா திருப்தியா இருக்குற மாதிரி தெரியல பாய்" என்றார். எனக்கு வந்த கோபத்தில், குடித்துக்கொண்டிருந்த சோடா வேகமாக மேலே ஏறி, வாயிலிருந்து ஒரு பெரிய ஏப்பமாக வந்தது.

நாலு பேர் முகமும் மலர்ந்துவிட்டது. "ஆச்சு! மொபெட் சார்பா பாய் ஏப்பம் விட்டுட்டாரு! பந்தி எந்திரிக்கலாம்!"

டாக்டர் போன வேகத்தில் சாலையில் தூசி அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அன்று சாயங்காலமே கம்பெனியின் செயலியில் எங்கள் நிலையத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் விழுந்தது. வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்ததாகவும், பொட்டலத்தில் கரண்ட் இல்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அதையும் பிரித்துப் பார்த்திருக்கிறார் பாருங்கள்.

அப்புறம் என்ன, ஒற்றை நட்சத்திரமாக விழுந்துகொண்டே இருந்தது. வந்தவர் மறுபடி வரவில்லை, வராதவர் படித்துவிட்டு வரவில்லை. கேபிளைத் தூக்கித் தூக்கி மூக்கையாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. என் மொபெட் வாரத்தில் மூன்று நாள் பந்தியில் உட்கார்ந்தது, நான் வாரத்தில் மூன்று நாள் ஏப்பம் விட்டேன். ஒரு தொழிலாக வைத்திருந்தால் நன்றாக வந்திருப்பேன்.

எண்பத்தைந்தாம் நாள் பெனிட்டா மேடம் போன் செய்தார். தொண்ணூறாம் நாள் எம்.டி. வரதராஜுலு சென்னையிலிருந்து நேரில் வருகிறார், கிரேனும் கூடவே வருகிறது.

அடைக்கலம் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "எழுதி வச்ச விதியில ஒண்ணுகூட நாங்க மீறலையே பாய். ஒருத்தரையும் வயித்தெரிச்சலோட அனுப்பலையே. எங்க தப்பு பண்ணோம்?" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு டியூபைத் தண்ணீரில் முக்கினேன். அவர் கேட்டது கிண்டலே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தொண்ணூறாம் நாள் காலை பத்து மணிக்கு எம்.டி. வந்தார். தன் கம்பெனி நிலையங்களை நம்பியே சென்னையிலிருந்து கிளம்பிய தைரியசாலி. வழியில் திருச்சிக்குப் பக்கத்து நிலையம் ரிப்பேராகிக் கிடந்ததால், இங்கே வந்து நின்றபோது காரில் நாலு சதவீதம். பின்னாலேயே பெனிட்டா மேடத்தின் கரண்ட் கார், அதற்குப் பின்னால் பத்துச் சக்கரக் கிரேன்.

"முதல்ல என் காருக்குச் சார்ஜ் போடுங்க. அப்புறம் மெஷினைக் கழட்டலாம்" என்றார் எம்.டி.

"அண்ணே, சாரை நல்லாக் கவனிங்க. நம்ம கம்பெனி ஒரு குடும்பம்னா, அதுக்கு இவருதான் தலைவர்" என்றார் பெனிட்டா மேடம். அடைக்கலம் மனம் இளகும் என்று நினைத்துச் சொல்லிவிட்டது அந்தப் பெண்.

அடைக்கலம் கைகூப்பினார். "அப்போ சார் வீட்டுக்காரரு! வீட்டுக்காரங்க கடைசிப் பந்தி. வந்த விருந்தாளிங்க எல்லாம் சாப்பிட்டு முடிக்கட்டும் சார். அதுவரைக்கும் நீங்களும் எங்ககூட நின்னு வாங்க வாங்கன்னு சொல்லுங்க."

திருச்சிப் பக்கத்து நிலையம் ரிப்பேர் என்றேனே, அன்றைக்கு விடுமுறை வேறு. வேறு போக்கிடம் இல்லாமல் கரண்ட் கார்கள் இங்கேதான் வந்தன. மூன்று பந்தி நிறைந்தது. கோபமாக வந்த எம்.டி. வெயிலில் நின்று நின்று பன்னிரண்டு காருக்கும் பன்னீர் தெளித்தார். இரண்டாம் பந்தியின்போது "வாங்க வாங்க" என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாவம், வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசிப் பந்தி. முதல் இடத்தில் எம்.டி.யின் கார், இரண்டாவதில் பெனிட்டா மேடத்தின் கார், மூன்றாவதில் வழக்கம்போல என் மொபெட். இன்னும் ஒன்று குறைந்தது.

எம்.டி. பொறுமை இழந்து, "இந்தக் கூத்து போதும். கிரேனை உள்ள விடுய்யா, மெஷினைத் தூக்கு!" என்று கத்தினார்.

டிரைவர் கிரேனை உள்ளே விட்டார். அது நேராகப் போய் நாலாவது இடத்தில் நின்றது. பெரியகருப்பன் கண்மூடித் திறப்பதற்குள் அதற்கு முன்னால் ஓர் இலை போட்டுவிட்டார்.

"வாங்க, வாங்க! காலையிலேருந்து பட்டினியா நிக்கிறீங்க!"

மூக்கையா கன்னைக் கொண்டுபோய்க் கிரேன் கொக்கியில் மாட்டினார். டிரைவருக்கும் காலையிலிருந்து சாப்பாடு இல்லை, அவருக்கு உண்மையான இட்லி நாலு வந்தது. இட்லியைப் பார்த்ததும் அவர் இறங்கி உட்கார்ந்துவிட்டார். இலையில் உட்கார்ந்த ஆளை எழுப்பி வேலை வாங்க எங்கள் ஊரில் எம்.டி.யாலும் முடியாது.

பந்தி நிறைந்தது, கார்டு காட்டப்பட்டது, கரண்ட் ஏறியது. முக்கால் மணி நேரத்தில் எம்.டி. காருக்கு எண்பது. அவர் மெஷினை மறந்துவிட்டார், கிரேனை மறந்துவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"கன்னை எடுங்க, நான் போகணும்."

"கிரேன் இன்னும் முடிக்கலையே சார்" என்றார் அடைக்கலம்.

"அது டீசல் வண்டிய்யா! ஏழு ஜென்மத்துக்கும் முடிக்காது!"

"பரவாயில்ல சார். நாங்க இருந்து பாத்துக்கிறோம்."

"அண்ணே, கார்டைக் குடுங்க, நானே எடுத்துர்றேன்" என்று பெனிட்டா மேடம் கையை நீட்டினார்.

அடைக்கலம் இடுப்பைப் பொத்திக்கொண்டார். "நீங்களே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

பெனிட்டா மேடம் திண்டாடிப்போய் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் சோலைமலை என்னைக் கைகாட்டினார். "பாய் நெனச்சா முடியும். வண்டி சார்பா அவரு ஏப்பம் விட்டாருன்னா பந்தி எந்திரிச்சிரும். ஆனா ஒண்ணு, மொபெட்டுக்கு ரெண்டு சக்கரம், ஒரு ஏப்பம். கிரேனுக்குப் பத்துச் சக்கரம். அஞ்சு விடணும்."

"சரியான கணக்கு" என்றார் மூக்கையா.

எம்.டி. வரதராஜுலு சாலையைத் தாண்டி என் கடைக்கு வந்தார். கோட்டு எல்லாம் சந்தனம். "பாய், தயவு பண்ணுங்க" என்று கும்பிட்டார்.

எனக்கு அன்றைக்குத்தான் என் கையில் இருப்பது என்ன என்று புரிந்தது. அடைக்கலத்தைப் பார்த்தேன். இயந்திரத்தின் மேல் படிந்த தூசியைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விடுறேன் சார். ஆனா முதல்ல ஒரு கையெழுத்து" என்றேன்.

நானே எழுதினேன். எட்டாம் வகுப்பு படித்தவன், ஆனால் உஷார். மெஷினை விட்டுவிட்டுக் கன்னை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று யோசித்து ஓட்டையில்லாமல் எழுதினேன்: 'சட்டிக்குறிச்சி விலக்கில் உள்ள சார்ஜ் இயந்திரத்தையோ அதன் கன் முதலான எந்தப் பாகத்தையோ, இந்த நிமிஷம் அது இருக்கும் இடத்திலிருந்து யாரும், எந்தக் காலத்திலும் எடுக்கக் கூடாது.'

எம்.டி. படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். சோடாக்காரர் ஆறு கோலி சோடாவை உடைத்தார். கிரேனுக்கு ஐந்து, என் மொபெட்டுக்கு வழக்கமான ஒன்று. மொத்தம் ஆறு ஏப்பம், ஒவ்வொன்றும் சாலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. டிரைவரே எழுந்து கை தட்டினார்.

தாளைக் கொண்டுபோய் அடைக்கலத்திடம் கொடுத்தேன். "மெஷின் உங்களுக்குத்தான். இனி எவனும் அசைக்க முடியாது."

அடைக்கலம் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சோலைமலையின் சிலிண்டர் நடுவில் மாட்டி மூக்கையாவுக்கு நெஞ்சில் இடித்தது. எனக்கும் கண் கலங்கியதை மறைக்க மாட்டேன். பிறகு அதை விதித் தாளுக்குக் கீழே ஒட்டினார்கள். எம்.டி. காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்தார். மூக்கையா கன்னை எடுக்கப் போனார்.

"டேய் நில்லு!" என்று சோலைமலை கத்தினார். "புது விதியைப் படிச்சியா? கன் முதலான எந்தப் பாகத்தையும் இந்த நிமிஷம் இருக்குற இடத்துலேருந்து எடுக்கக் கூடாது."

மூக்கையா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நல்லவேளைண்ணே, சொன்னீங்க."

"இந்த நிமிஷம் கன் எங்க இருக்கு?" என்று அடைக்கலம் விரலால் காட்டி எண்ணினார். "ஒண்ணு சார் கார்ல, ஒண்ணு மேடம் கார்ல, ஒண்ணு கிரேன் கொக்கியில, ஒண்ணு பாய் மொபெட்ல. சரியா இருக்கு. யாரும் தொடாதீங்க."

நான் கத்தினேன், கெஞ்சினேன், நான் நினைத்து எழுதியது வேறு என்றேன். "எழுத்துக்கு எழுத்து பாய்" என்று அடைக்கலம் என் எழுத்தையே எனக்குக் காட்டினார். "யாரும்னு எழுதியிருக்கீங்க. அதுல நீங்களும் உண்டு, நானும் உண்டு."

எம்.டி. பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். பெனிட்டா மேடமும் அவரும் கிரேன் டிரைவரும் மதுரை பஸ்ஸில் ஏறிப் போனார்கள். மூன்று பேர் கையிலும் தாம்பூலப் பை இருந்தது.

இயந்திரம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது, பளபளவென்று வைத்திருக்கிறார்கள். நாலு பேரும் காலையில் வந்து நாலு வண்டிக்கும் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, என்ன வேணும் என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். புதிதாக எந்தக் காருக்கும் இடம் கிடையாது.

நடந்ததை ஆபீசில் சொல்ல எம்.டி.க்கு வெட்கம், சொல்லவே இல்லை. அங்கே சென்னையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை இருக்கிறதாம். கன் இயந்திரத்தில் அதை மாட்டி வைக்கிற கூட்டில் இல்லையென்றால், வண்டிக்குச் சார்ஜ் போய்க்கொண்டிருக்கிறது என்று அது பச்சை விளக்குக் காட்டுமாம். எங்கள் நிலையத்துக்கு மட்டும் நாலு பச்சையும் இரண்டு மாசமாக ஒரு நிமிஷம்கூட அணையவில்லை. இந்தியாவிலேயே கூட்டம் அலைமோதுகிற நிலையம் எது என்று கணக்குப் பார்த்தார்கள், சட்டிக்குறிச்சி விலக்கு.

போன வாரம் கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கூட்டத்தைச் சமாளிக்கப் பக்கத்திலேயே இன்னும் ஓர் இயந்திரம் வைக்கிறார்களாம், அதற்கும் நாலு கன்.

அடைக்கலம் கடிதத்தோடு கடைக்கு ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாய், ரெண்டாவது பந்தி! திறப்பு விழாவுக்கு இலை நிறையணும். உங்க மச்சான்கிட்ட ஒரு மொபெட் இருக்குல்ல, கேட்டு வாங்கிட்டு வாங்களேன்."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கடையைச் சாத்திவிட்டு மச்சான் ஊருக்குக் கிளம்பினேன். எட்டுக் கிலோமீட்டர். நடந்துதான் போனேன், என் வண்டிதான் இன்னும் பந்தியில் இருக்கிறதே.